கீழே போன யோயோ மேலே வரவில்லை

அன்புள்ள மாப்பிள்ளைக்கு,

மாமனார் எழுதுவது. இங்கே நானும் உங்கள் மாமியாரும், என் வலது நடுவிரலையும் ஒரு முன்பல்லையும் தவிர, எல்லா வகையிலும் சௌக்கியம். விரலுக்கும் பல்லுக்கும் பின்னால் வருகிறேன். அங்கே நீங்களும் என் மகளும் உங்கள் லேத் மெஷினும் நலமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன்.

நீங்கள் செய்து அனுப்பிய போட்டி யோயோ சனிக்கிழமை வந்து சேர்ந்தது. பரிசோதித்து உள்ளதை உள்ளபடி எழுதச் சொல்லியிருந்தீர்கள். மறுநாள் மகளுக்குப் போன் செய்தபோது அவள் சொன்னாள்: "அப்பா, பழைய லிஃப்ட் கம்பெனியில இவரைத் திரும்ப வரச் சொல்லிக் கூப்பிட்டிருக்காங்க. வெள்ளிக்கிழமைக்குள்ள பதில் சொல்லணும். நீங்க எழுதுறதை வச்சுத்தான் முடிவு பண்ணுவாராம். நிதானமாப் பார்த்து எழுதுங்க." ஆக, யோயோ தொழிலா பழைய வேலையா என்பது என் கையெழுத்தில் தொங்குகிறது. முப்பத்தொரு வருஷம் லிஃப்ட் ஆய்வாளராக இருந்தவன் நான். கையெழுத்துப் போடப் பயந்தவனும் இல்லை, போட மறுக்கப் பயந்தவனும் இல்லை.

ஏழு மாதத்துக்கு முன் நீங்கள் வேலையை விட்டதாகச் சொன்ன அன்று, சாப்பிட உட்கார்ந்த இடத்தில், "பொம்மை செய்யவா இவ்வளவு படிச்சீங்க" என்று நான் கேட்டது வாஸ்தவம்தான். அதற்கும் இந்த அறிக்கைக்கும் சம்பந்தம் இல்லை. அன்றிலிருந்து நீங்கள் இருவரும் இந்தப் பக்கமே தலைகாட்டாததற்கும் அதற்கும் சம்பந்தம் இல்லையென்று மகள் சொல்கிறாள். ஞாயிறு தவறாமல் "எப்ப வர்றே" என்று கேட்கிறேன். "பார்க்கலாம்பா" என்கிறாள். அடுத்த ஞாயிறு இன்னும் கொஞ்சம் சத்தமாகக் கேட்கிறேன். அப்போதும் பார்க்கலாம்தான். போகட்டும், விஷயத்துக்கு வருகிறேன்.

முதலில் அளவெடுத்தேன். எங்கள் சாப்பாட்டு மேஜைக்கு ஒரு கால் குட்டை என்பது உங்களுக்குத் தெரியும். ஆடுகிற மேஜையில் எடுத்த அளவு அளவே இல்லை. ஆகவே பெட்டிக்குள் யோயோவோடு இருந்த காகிதத்தை நாலாக மடித்து அந்தக் காலுக்கு அடியில் கொடுத்து மட்டம் பார்த்துக்கொண்டேன். உங்கள் மாமியார் மாவு நிறுக்கிற தராசில் அறுபத்தைந்து கிராம் காட்டியது. திருகிக் கழற்றி இரண்டு பாதியையும் தனித்தனியாக நிறுத்தேன். வித்தியாசம் காட்டவில்லை. தராசு கெட்டுவிட்டதோ என்று ஒரு கடுகைப் போட்டுப் பார்த்தேன், கடுகுக்கும் காட்டவில்லை, எனவே இந்தச் சோதனையை மேற்கொண்டு வலியுறுத்த மாட்டேன். நடுவில் அலுமினியம், ஓரத்தில் எஃகு வளையம். எடையை ஓரத்துக்குத் தள்ளினால் சுழற்சி நிற்காது என்று யோசித்துச் செய்திருக்கிறீர்கள். விளிம்பில் விரலை ஓட்டினால் எங்கே அலுமினியம் முடிந்து எங்கே எஃகு தொடங்குகிறது என்று தெரியவில்லை. வேலைப்பாட்டில் நான் குறை சொல்லவில்லை. குறை நடத்தையில்தான்.

அடுத்து ஓட்டிப் பார்த்தேன். கயிற்றின் சுருக்கை நடுவிரலில் மாட்டி, கூடத்தின் நடுவில் நின்று, கீழே விட்டேன். போனது. அழகாகப் போனது, சத்தமில்லாமல் போனது, கயிற்றின் அடியில் நின்று சுழன்றது. மேலே வா என்று லேசாக இழுத்தேன். வரவில்லை. கொஞ்சம் பலமாக இழுத்தேன். அசையவில்லை, தன்பாட்டுக்குச் சுழன்றுகொண்டிருந்தது. "இழுக்காதீங்க, அதுக்கு என்ன தோணுதோ" என்றார் உங்கள் மாமியார். அதற்குத் தோன்றுகிறபடி நடப்பதற்கு ஆய்வாளர் எதற்கு என்று ஐந்தாவது முறை இரண்டு கையாலும் இழுத்தேன். இந்தத் தடவை வந்தது. ஆனால் கயிற்றைச் சுற்றிக்கொண்டு வரவில்லை, சும்மா பறந்து வந்தது. என் காதோரமாகப் போய், பணி ஓய்வு நாளில் இலாகா கொடுத்த கண்ணாடிக் கேடயத்தில் மோதி, "நேர்மையான" என்ற சொல்லோடு மேல்பாதியைப் பெயர்த்துவிட்டது. யோயோவில் ஒரு கீறல் இல்லை. இதை உங்களுக்குச் சாதகமாகவே குறித்திருக்கிறேன்.

திங்கட்கிழமை, எவ்வளவு நேரம் சுழல்கிறது என்று பார்க்க இடது கையில் கடிகாரத்தோடு யோயோவை விட்டேன். முப்பதாவது வினாடியில் அழைப்பு மணி அடித்தது. மாமியார் குளியலறையில். பாதியில் விட்ட சோதனை செல்லாது என்பது என் கொள்கை. ஆகவே சுழல்கிற யோயோவோடு போய் முழங்கையால் கதவைத் திறந்தேன். குடியிருப்போர் சங்கச் செயலாளர் நின்றார். "சார், லிஃப்ட் என்னமோ மாதிரி சத்தம் போடுது. ஒரு நிமிஷம் வந்து பாருங்களேன்." அன்று காலைதான் அந்த லிஃப்டைப் பார்த்து, பிரமாதமாக இருக்கிறது என்று அவருடைய நோட்டில் எழுதிக் கொடுத்திருந்தேன். மானப் பிரச்சினை. இடது கையில் கடிகாரம், வலது கையில் யோயோ, அப்படியே அவரோடு லிஃப்டில் ஏறினேன். உள்ளே நாலாவது மாடிப் பல் டாக்டர் இருந்தார். யோயோவைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், பிறகு கூரையைப் பார்த்துக்கொண்டார். இரண்டாம் மாடிக்கும் முதல் மாடிக்கும் நடுவில் லிஃப்ட் நின்றது. யோயோ நிற்கவில்லை. "நீங்க சோதிச்சதுல இது ஒண்ணுதான் ஓடுது சார்" என்றார் செயலாளர். மூன்று நிமிடம் பத்து வினாடி ஓடி யோயோ நின்றது. லிஃப்ட் நகர ஐம்பது நிமிடம் ஆனது. அதற்குள் சுருக்கு இறுகி என் நடுவிரல் கத்தரிக்காய் நிறத்துக்கு வந்துவிட்டது. டாக்டர் தம்முடைய பையிலிருந்த கொக்கி ஒன்றால் சுருக்கைத் தளர்த்திவிட்டு, "இதை எதுக்கு சார் வச்சிருக்கீங்க" என்று கேட்டார். மாப்பிள்ளை செய்தது என்றேன். அவர் என் தோளைத் தட்டிக்கொடுத்தார். அந்தத் தட்டல் எனக்குப் பிடிக்கவில்லை.

செவ்வாய்க்கிழமை திரும்பவும் கழற்றினேன். குற்றம் அகப்பட்டது. நடுவில் உள்ள பேரிங்கில் ஒரு பொட்டு கிரீஸ் இல்லை, காய்ந்து கிடக்கிறது. லிஃப்ட் கம்பெனியில் பதினொரு வருஷம் வேலை பார்த்தவர் கிரீஸை மறக்கலாமா என்று எனக்கு வருத்தமாகவே இருந்தது. கைவசம் இருந்த லிஃப்ட் கிரீஸை விரலில் வழித்து, பேரிங் கண்ணுக்குத் தெரியாதபடி அடைத்து மூடி, கீழே விட்டேன். லேசாகத்தான் இழுத்தேன். விருட்டென்று முழுக் கயிற்றையும் சுற்றிக்கொண்டு மேலே வந்தது. வெற்றிதான். குனிந்து உற்றுப் பார்த்துக்கொண்டிருந்ததால் முன்பல்லில் ஒரு மூலை போனது. பல் டாக்டர் பாதி விலைக்குச் சீவிக் கொடுத்தார். "மாப்பிள்ளை நல்லாயிருக்காரா" என்று விசாரித்தார்.

ஆகவே முடிவு. கீழே போனது கூப்பிட்டால் மேலே வரவேண்டும். இது லிஃப்டுக்கும் சட்டம், யோயோவுக்கும் சட்டம். தாங்கள் அனுப்பிய சாதனம் அந்தச் சட்டத்துக்கு அடங்கவில்லை. நான் கிரீஸ் போட்ட பிறகு அடங்குகிறது. ஆனால் மாமனார் கிரீஸ் போட்டுத்தான் ஓடும் என்றால் அது தொழில் ஆகாது. வெள்ளிக்கிழமை கம்பெனிக்குச் சரி என்று சொல்லிவிடுங்கள். ஞாயிற்றுக்கிழமை இரண்டு பேரும் கட்டாயம் இங்கே வந்து சேருங்கள். நான் சொல்வது உங்கள் நன்மைக்குத்தான்.

என் மகளுக்கும் தங்களுக்கும் நீண்ட ஆயுளும், தேய்மானமில்லாத சரீரமும், நல்ல புத்தியும் கிடைக்க ஆசீர்வதிக்கும்,

மாமனார்
(ஓய்வு பெற்ற லிஃப்ட் ஆய்வாளர்)

பி.கு.: கையெழுத்துப் போட்ட அறிக்கையை நான் கிழிப்பதில்லை. முப்பத்தொரு வருஷப் பழக்கம். தவறு தெரிந்தால் அடியில் எழுதுவேன். இப்போது எழுதுகிறேன்.

உறையை ஒட்டப் போகும்போது உங்கள் மாமியார் பெருக்க வந்து, மேஜைக் காலடியிலிருந்த காகிதத்தை எடுத்துவிட்டார். மேஜை ஆடியது. அவர் காகிதத்தைப் பிரித்துப் படித்துவிட்டுச் சிரித்தார், பிறகு சிரிப்பை நிறுத்தி என்னிடம் நீட்டினார். மகளின் கையெழுத்து. "அப்பா, இது போட்டி யோயோ. இழுத்தா வராது, வரக்கூடாது. அப்பத்தான் கயிறு மேல வச்சு வித்தை எல்லாம் காட்ட முடியும். பேரிங்ல கிரீஸ் கிட்டவே போகாதீங்க. மேல வரணும்னா, இன்னொரு கையால கயிறை ஒரு மடிப்பு தளர்வா ரெண்டு பாதிக்கும் நடுவுல உள்ளே விடுங்க. தானாப் பிடிச்சுக்கிட்டு வரும்." நான் முதல் நாளே படித்திருக்க வேண்டியதை, மேஜையைத் தாங்க வைத்திருந்தேன்.

பேரிங்கை மண்ணெண்ணெயில் மூன்று தடவை கழுவிக் காயவைத்தேன். இன்று மத்தியானம் முழுக்கப் பழகினேன். நாற்பத்து மூன்று தடவை வரவில்லை. நாற்பத்து நாலாவது தடவை, கயிற்றில் ஒரு மடிப்பைத் தளர்த்தி உள்ளே விட்டேன், சொடுக்குப் போடும் நேரத்தில் உள்ளங்கையில் வந்து உட்கார்ந்தது. எனக்குச் சந்தோஷமாக இருந்தது. அதைவிட வெட்கமாக இருந்தது. எவனோ இழுத்தான் என்பதற்காக மேலே ஓடி வருகிற லிஃப்டுக்கு நானே கையெழுத்துப் போட்டிருக்க மாட்டேன். உங்கள் மாமியார் பார்த்துக்கொண்டே இருந்துவிட்டு, "ஞாயித்துக்கிழமை போன்ல நீங்க பண்றதும் இதேதான். இழுத்துக்கிட்டே இருக்கீங்க" என்றார்.

மேலே எழுதிய முடிவு ரத்து. யோயோ தேறியது. வெள்ளிக்கிழமை கம்பெனிக்கு, வரவில்லை என்று சொல்லிவிடுங்கள். பொம்மை என்று சொன்னதற்கு மன்னித்துவிடுங்கள், மாப்பிள்ளை. நான் இரண்டு பாதியையும் நிறுத்துப் பார்த்தவன், எனக்குத் தெரியும். இந்த ஞாயிறு நான் போன் செய்து எப்போது வருகிறாய் என்று கேட்க மாட்டேன் என்று மகளிடம் சொல்லுங்கள். அடுத்த ஞாயிறும் கேட்க மாட்டேன்.

ஒரு வேளை நீங்களாக வந்தால், லிஃப்டில் ஏறவேண்டாம். நான் நன்றாக இருப்பதாக எழுதிக் கொடுத்த லிஃப்ட் அது. மூன்று மாடிதான், படியிலேயே வந்துவிடுங்கள்.