மலைக்காரச் சம்பந்தி

தட்டிலிருந்த வாழைக்காய் பஜ்ஜியை எடுக்கப் போன சவரிராயனின் கை பாதியிலேயே நின்றுவிட்டது. மூலையில் சாய்த்து வைத்திருந்த மூங்கில் தடியை அவர் பார்த்துவிட்டார்.

"என்னங்க இது, மலைக்குப் போற தடி மாதிரி இருக்கே?"

இருதயநாதன் அவசரமாகத் தடிக்கு முன்னால் போய் நின்றுகொண்டார். "அது சும்மா..." என்று அவர் இழுப்பதற்குள் மனைவி டோரதி முந்திக்கொண்டாள்.

"சும்மாவா? வருஷா வருஷம் அக்டோபர் லீவுக்கு பச்சைமலைக்குப் போயிடுவாங்க. மூணு நாள் நடை. மழையா, வெயிலா, ஒண்ணும் பாக்கறதில்லை. திருவெறும்பூர்ல வந்து மலை இருதயநாதன் வீடு எதுன்னு கேட்டா சின்னப் பிள்ளைகூடக் கொண்டாந்து விட்டுடும்."

சவரிராயன் பொன்மலை ரயில்வே ஒர்க்‌ஷாப்பில் வேலை பார்ப்பவர். மகன் ஸ்தனிஸ்லாசுக்கு இருதயநாதன் மகள் பேட்ரிசியாவைப் பெண் பார்க்க வந்திருந்தார். பார்ப்பதென்ன பார்ப்பது, கோயில் பாட்டுக் குழுவில் ஸ்தனிஸ்லாசும் பேட்ரிசியாவும் பார்த்துப் பார்த்துத்தான் விஷயம் இவ்வளவு தூரம் வந்தது. பெரியவர்களுக்குத் தெரியாதது மாதிரி ஊரே நடித்துக்கொண்டிருந்தது.

"எனக்கும் அதே பைத்தியம்தாங்க," என்றார் சவரிராயன். "நான் கொல்லிமலை. பொங்கல் லீவு விட்டா வீட்டுல கால் தங்காது."

டோரதி உள்ளே ஓடிப்போய் ஒரு பாட்டிலைக் கொண்டுவந்தாள். "போன வருஷம் இவங்க மலையிலேர்ந்து கொண்டாந்த தேன். கொஞ்சம் நக்கிப் பாருங்க."

சவரிராயன் நக்கிப் பார்த்தார். கண்ணை மூடி இன்னொரு தரமும் நக்கினார். "அசல் மலைத்தேன். நான் கொண்டாரதும் இதே ருசிதான்."

பிறகு அந்தக் குண்டைத் தூக்கிப் போட்டார்.

"ஒண்ணு சொல்றேன், தப்பா எடுத்துக்காதீங்க. வீட்டுல உக்காந்து பஜ்ஜி தின்னா மனுஷனைத் தெரிஞ்சுக்க முடியாது. மலையில ஒண்ணா நனைஞ்சாத்தான் தெரியும். இந்த அக்டோபர்ல நாம ரெண்டு பேரும் உங்க பச்சைமலையில நடப்போம். எறங்கி வந்ததும் சாமியார்கிட்ட சொல்லிக் கோயில்ல கல்யாண அறிவிப்பு ஓலை வாசிச்சுடுவோம்."

கதவுக்குப் பின்னாலிருந்து பேட்ரிசியா அப்பாவைப் பெருமையோடு பார்த்தாள். அந்தப் பார்வைதான் இருதயநாதனைக் கொன்றது.

ஏனென்றால், மனுஷன் பச்சைமலையில் ஒரு மேடுகூட முழுசாக ஏறியதில்லை.

பல வருஷங்களுக்கு முன்னால் வேலை பார்க்கும் கம்பெனியில் வாய் சும்மா இருக்காமல், "பச்சைமலையை ஒரு ஆளா நடந்து தாண்டிக் காட்டறேன்" என்று சொல்லித் தொலைத்தார். ஆபீசே மாலை போட்டு பஸ் ஏற்றியது. துறையூர் போய், அடிவாரம் போய், முதல் மேட்டில் கால் வைத்ததும் தூறல் பிடித்துக்கொண்டது. வழுக்கினார். ஏறிய தூரம் முழுவதும் உட்கார்ந்தபடியே சறுக்கித் திரும்பி வந்து சேர்ந்தார். போட்ட மாலை வாடுவதற்குள் வீட்டுக்குப் போவது எப்படி? திருவானைக்காவலில் இறங்கி, பள்ளிக்கூடத்து சிநேகிதன் காசிநாதன் வீட்டு மாடி அறையில் மூன்று நாள் படுத்துக் கிடந்தார். காசிநாதன் மனைவி அகிலாண்டத்தம்மாள் புண்ணியத்தில் வேளாவேளைக்குச் சாப்பாடு. மூன்றாம் நாள் கொள்ளிடத்துச் சேற்றை ஷூவில் பூசிக்கொண்டு, காந்தி மார்க்கெட் ஹனீஃபா கடையில் ஒரு பாட்டில் தேன் வாங்கிக்கொண்டு வீடு சேர்ந்தார். அன்றைக்கு அவர் மலை இருதயநாதன் ஆனார். அதற்குப் பிறகு வருஷா வருஷம் அதே மாடி, அதே சேறு, அதே தேன்.

முதலில் முட்டி வலி என்று சொல்லிப் பார்த்தார். பெண் வீட்டார் சொன்ன வலியை அப்படியே விட்டுவிடுவாரா சவரிராயன்? சாயங்காலமே மதுரைவீரன் என்ற எலும்பு வைத்தியரைக் கூட்டிக்கொண்டு வந்துவிட்டார். மதுரைவீரன் எண்ணெயைக் காய்ச்சி, முட்டியைப் பிடித்து ஒரு திருகு திருகினார். அதுவரை நன்றாக இருந்த முட்டி அப்போதுதான் வலிக்க ஆரம்பித்தது.

"இப்ப எப்படி இருக்கு?" என்றார் வைத்தியர், அடுத்த திருகுக்குத் தயாராகி.

"வலியே இல்லைங்க," என்றார் இருதயநாதன். கண்ணில் தண்ணீர்.

ஆபத்துக்கு உதவாதவன் சிநேகிதனா? திருவானைக்காவலுக்கு ஓடினார். காசிநாதன் ரயில்வே டிக்கெட் கவுண்டரில் இருந்து ஓய்வு பெற்றவர். சம்பந்தியின் பெயரைக் கேட்டதும் அவருக்குக் காபி புரை ஏறிவிட்டது. அகிலாண்டத்தம்மாள் தலையில் தட்டியும் இருமல் நிற்கவில்லை.

"உனக்கு அவரைத் தெரியுமா?"

"ரயில்வேக்காரன்தானே, தெரியாம என்ன," என்றார் காசிநாதன், கண்ணைத் துடைத்துக்கொண்டு. "பயப்படாதே. ஒருத்தர் ரகசியத்தை இன்னொருத்தர்கிட்ட சொல்ற பழக்கம் எனக்குக் கிடையாது. சிறுத்தை நடமாட்டம்னு சொல்லிப் பாரேன்."

சொன்னார். சவரிராயன் முகம் கொஞ்சம் வெளுத்ததுபோலக்கூட இருந்தது. "அப்படின்னா வேற எப்பவாவது..." என்று அவர் ஆரம்பிக்கவும், டோரதி குறுக்கே புகுந்தாள்.

"சிறுத்தையெல்லாம் இவங்களுக்கு ஒரு விஷயமா? முந்தின வருஷம் தடியாலேயே ஒண்ணை விரட்டிட்டு வந்தாங்களே."

அந்தச் சிறுத்தை, இருதயநாதன் மாடிக் கட்டிலில் படுத்துக்கொண்டு தயாரித்தது. நன்றாக வந்திருந்த சிறுத்தை. இப்போது திரும்பி வந்து அவரையே கடித்தது.

சவரிராயன் எச்சில் விழுங்கினார். "அப்ப உங்க பின்னாடியே நடந்துட வேண்டியதுதான்."

போவது என்று ஆகிவிட்டது. வழியாவது தெரிய வேண்டாமா? ஹனீஃபாவிடம் போய் அழாத குறையாகக் கேட்டார். கடைக்குப் பச்சைமலையிலிருந்து புளி கொண்டுவரும் செல்லக்கண்ணுவை அவர் கூப்பிட்டுவிட்டார். மேலே தங்கும் பங்களா வரைக்கும் பாதை நெடுக, மரத்துக்கு மரம் அவன் சிவப்புத் துணி கட்டிவிட வேண்டும். இருதயநாதன் துணியைப் பார்த்துப் பார்த்து, தெரிந்த வழியில் போவதுபோல நடப்பார். டோரதியின் பழைய சிவப்புப் புடவை ஒன்று அன்றைக்கே பீரோவிலிருந்து காணாமல் போயிற்று.

"கட்டியாச்சுங்க சார். கண்ணை மூடிக்கிட்டுப் போலாம்," என்று அடுத்த சந்தைக்கு வந்த செல்லக்கண்ணு சொன்னான்.

கிளம்பின அன்றைக்குக் காலையில் வெயில் பளீரென்று அடித்தது. அடிவாரத்தில் முதல் சிவப்புத் துணியைப் பார்த்ததும் இருதயநாதனுக்கு உயிர் வந்தது.

"நீங்க முன்னாடி போங்க சம்பந்தி," என்றார் சவரிராயன். "இது உங்க மலை. என் மலைன்னா நான் போயிருப்பேன்."

கொஞ்ச தூரம் ராஜா மாதிரி நடந்தார் இருதயநாதன். தடியால் அங்கே இங்கே காட்டினார். "இது கடுக்கா மரம்," என்றார் ஒரு புளியமரத்தைப் பார்த்து.

"ஆமாமா. கொல்லிமலையிலயும் நிறைய இருக்கு," என்றார் சவரிராயன்.

திடீரென்று மேகம் இறங்கியது. பத்தடிக்கு அந்தப் பக்கம் தெரியவில்லை. பிறகு சுரீரென்று வெயில். பிறகு மழை, குடத்தோடு கவிழ்த்த மாதிரி. மழை கொஞ்சம் விட்டு, மேகம் விலகியபோது இருதயநாதன் நிமிர்ந்து பார்த்தார். அவருக்குத் தலை சுற்றியது.

இடது பக்கம் ஒரு மரத்தில் சிவப்புத் துணி. வலது பக்கம் ஒன்று. நேரே நாலு. பின்னால் பள்ளத்தில் ஒரு புதர் முழுக்க. ஒரு மரத்தில் யாரோ மஞ்சள் துணியும் வளையலும் சேர்த்துக் கட்டியிருந்தார்கள். மலையே திருவிழாவுக்குத் தயாரான மாதிரி இருந்தது.

"எந்தப் பக்கம் சம்பந்தி?"

"இந்தப் பக்கம்," என்று நாலு மரத்தைக் காட்டினார். அது ஒரு பாறையில் போய் முடிந்தது. திரும்பி வலது பக்கம் போனார்கள். ஒரு ஆட்டுப் பட்டி வந்தது. இடது பக்கம் போனார்கள். வழுக்கினார்கள். எழுந்து போனால் மறுபடியும் அதே பாறை.

"இந்தப் பாறையை முன்னாடி பாத்த மாதிரி இருக்கே?"

"பச்சைமலையில பாறையெல்லாம் ஒரே மாதிரிதாங்க இருக்கும்."

"கொல்லிமலையிலயும் அப்படித்தான்," என்றார் சவரிராயன் உடனே.

இருட்டுகிற நேரத்துக்கு, தொப்பலாக நனைந்து, முட்டியைத் தேய்த்துக்கொண்டு, ஒரு ஓலைக் கொட்டகை டீக்கடையில் போய் விழுந்தார்கள். கடைக்காரி ராசாத்தி இரண்டு பேரையும் ஏற இறங்கப் பார்த்துவிட்டு அடுப்புக்குப் பக்கத்தில் இடம் கொடுத்தாள்.

"ஏம்மா, மரத்துல எல்லாம் எதுக்குச் சிவப்புத் துணி?" என்று கேட்டார் சவரிராயன்.

"அதா? போன வருஷம் பூரா மழையே இல்லைங்க சாமி. கிணறெல்லாம் காஞ்சு போச்சு. போன வாரம் எந்த மகராசனோ அடிவாரத்துலேர்ந்து மரத்துக்கு மரம் துணி கட்டி மழைக்கு வேண்டிக்கிட்டுப் போயிருக்கான். மறுநாளே கொட்டிருச்சு. சும்மா இருப்பமா? ஆளுக்கு நாலு கட்டினோம். இன்னும் நிக்கலை பாருங்க, ராவும் பகலும் விட்டு விட்டு ஊத்துது." அவள் மேலே பார்த்துக் கும்பிட்டாள். "அவன் பிள்ளைகுட்டி நல்லா இருக்கணும்."

அந்த மகராசன் டீ டம்ளருக்குள் முகத்தை வைத்துக்கொண்டார்.

விடிந்தும் மழை விடவில்லை. இரண்டு பேரும் கொட்டகை வாசலில் நின்று மலையைப் பார்த்தார்கள்.

"நான் மேல நடக்கத் தயார்தான்," என்றார் இருதயநாதன். "உங்களுக்கு ஒத்துக்குமான்னுதான்..."

"எனக்கென்ன, நானும் தயார். உங்க முட்டியை நினைச்சாத்தான்..."

"உங்களுக்காக வேணும்னா எறங்கிடலாம்."

"உங்களுக்காக எறங்கறேன்."

இறங்கும்போது மட்டும் வழி கேட்கவே தேவைப்படவில்லை. பாதி தூரம் உட்கார்ந்தே வந்தார்கள்.

பஸ்ஸில் சவரிராயன் மெதுவாகப் பேச்செடுத்தார். "சொன்ன நாளுக்கு முன்னாடியே போய் நின்னா வீட்டுல பயந்துடுவாங்க. எனக்குத் திருவானைக்காவல்ல ஒரு வேலை இருக்கு, எறங்கிக்கறேன். நாளைக்குச் சாயங்காலம் சத்திரம் பஸ் ஸ்டாண்டுல சேந்து நின்னு, ஒண்ணா வீட்டுக்குப் போயிடுவோமா?"

"தாராளமா," என்றார் இருதயநாதன். ஆனால் மனசு அடித்துக்கொண்டது. கல்யாண ஓலையைப் பற்றி மனுஷன் பேச்சே எடுக்கவில்லை. மலையில் பார்த்துவிட்டாரோ? இவனெல்லாம் மலைக்காரனா என்று முடிவு கட்டிவிட்டாரோ? பேட்ரிசியா கேட்டால் என்ன சொல்வது? உன் கல்யாணத்தை ஒரு பாறையைச் சுற்றிச் சுற்றி வந்தே கெடுத்துவிட்டேன் என்றா?

சவரிராயன் திருவானைக்காவலில் இறங்கி, நொண்டியபடியே கூட்டத்தில் மறைந்தார். இருதயநாதன் நல்ல பிள்ளையாகக் கை ஆட்டிவிட்டு, அடுத்த ஸ்டாப்பான மாம்பழச்சாலையில் இறங்கி, வந்த வழியே திரும்பி நடந்தார். சந்துக்குள் சந்தாகப் புகுந்து, யாரும் பார்க்கவில்லை என்று இரண்டு தரம் திரும்பிப் பார்த்துவிட்டு, காசிநாதன் வீட்டுத் தெருவில் திரும்பினார்.

காசிநாதன் வீட்டு வாசலில் சவரிராயன் நின்றுகொண்டிருந்தார்.

காலடிச் சத்தம் கேட்டு அவர் திரும்பினார். அவர் முகம் செத்துப்போயிற்று.

முடிந்தது கதை என்று நினைத்தார் இருதயநாதன். எல்லாம் விசாரித்துத் தெரிந்துகொண்டு, கையும் களவுமாகப் பிடிக்கத்தான் மனுஷன் முன்னாலேயே வந்து நிற்கிறார். கோபத்தில்தான் முகம் அப்படி ஆகியிருக்கிறது. தடி கையிலிருந்து நழுவிக் கீழே விழுந்தது.

"சம்பந்தி," என்றார். "பொய் சொன்னவன் நான். என் பொண்ணு ஒரு பாவமும் அறியாதவ. என்னை என்ன வேணாச் சொல்லுங்க, இந்தக் கல்யாணத்தை மட்டும்..."

சவரிராயன் திருதிருவென்று விழித்தார். அதற்குள் கதவு திறந்தது. ஈரக் கையை முந்தானையில் துடைத்தபடி வந்த அகிலாண்டத்தம்மாள், சேறும் சகதியுமாக நின்ற இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்தாள். பிறகு இடுப்பில் கையை வைத்துக்கொண்டு சவரிராயன் பக்கம் திரும்பினாள்.

"ஏண்ணே, இத்தனை வருஷமா ஐப்பசியில அவரு, தையில நீங்கன்னு ஒழுங்காத்தானே மலை ஏறிட்டிருந்தீங்க. இப்படி ரெண்டு பேரும் ஒரே நாள்ல ஏறி வந்தா, மாடியில இருக்கிற ஒத்தக் கட்டில்ல யாரைப் படுக்கச் சொல்றது?"