கொக்கியார் கோர்த்த வீடு

அந்தமானில் பட்டப்பகலில் ஆளைப் பயமுறுத்தக்கூடிய மனிதர் ஒரே ஒருவர்தான் இருந்தார். அவருக்கு இன்னொரு வேலையும் உண்டு. அது வெல்டிங்.

நான் லேசில் பயப்படுகிறவன் இல்லை. மூன்றாம் வகுப்போடு பள்ளிக்கூடத்துக்கு ஒரு கும்பிடு போட்டுவிட்டு, ராமநாதபுரத்திலிருந்து வந்து கப்பல் ஏறி, கப்பல் நிற்கிற ஜெட்டியில் சிமெண்ட் மூட்டை சுமந்து, இன்றைக்கு மரைன் ஹில்லில் துறைமுகத்தை மேலிருந்து பார்க்கிற மாதிரி வீடு கட்டி உட்கார்ந்திருக்கிறேன். இந்த ஊர்ச் சுவர்களில் பாதி நான் எழுப்பியவை. மீதிப் பாதி விரிசல் விட்டிருக்கும், போய்ப் பாருங்கள். அப்பேர்ப்பட்ட என்னையே வெலவெலக்க வைத்த மனிதரைப் பற்றித்தான் சொல்ல வந்தேன்.

அவரை எல்லாரும் கொக்கியார் என்போம். சொந்தப் பெயர் மாதா கோயிலுக்குத் தெரிந்திருக்கலாம். தூத்துக்குடிப் பக்கத்துக் கடற்கரை ஆள். பத்துபஸ்தியில், ஏரோப்ளேன் தலையை உரசிக்கொண்டு இறங்குகிற இடத்தில் பட்டறை. ஒரு வண்டிக்குப் பின்னால் இன்னொன்றைக் கட்டி இழுக்க வேண்டுமானால், அது படகு டிரெய்லரோ, தண்ணீர் டேங்கரோ, ஜெனரேட்டரோ, அவரிடம்தான் போயாக வேண்டும். கொக்கி மட்டும்தான் செய்வார். கதவு செய்யச் சொன்னால், "கதவு எதையும் இழுக்காது வே, அதுல என்ன இருக்கு?" என்பார்.

அவரிடம் ஒரு பழக்கம். யாருடைய முகத்தையும் பார்த்துப் பேச மாட்டார். உங்கள் தோளுக்குப் பின்னால், அரை அடி தள்ளி யாரோ நிற்பதுபோல அங்கே பார்த்துப் பேசுவார். பேச்சுக்கு நடுவில் அந்தப் பக்கம் பார்த்து லேசாகத் தலையாட்டுவார். கேட்கிறவனுக்கு முதுகு சில்லிட்டுவிடும். திரும்பிப் பார்த்தால் ஒன்றும் இருக்காது. ஒரு தடவை மின்சார ஆபீசிலிருந்து ஒரு பெங்காலி கிளார்க் மீட்டர் பார்க்க வந்தார். கொக்கியார் அவர் பின்னால் பார்த்து, "சாத் மே கோன் ஹை?" என்று கேட்டார். கூட யார் வந்திருக்கிறது என்று அர்த்தம். வந்தது தனி ஆள். கிளார்க் ஸ்கூட்டரை அங்கேயே போட்டுவிட்டு ஓடினார். அதற்கப்புறம் அந்தப் பட்டறை மீட்டரைத் தெருவிலிருந்தே உத்தேசமாகப் படித்தார்கள் என்று கேள்வி.

பட்டறை வாசலில் ஒரு மழைமரம். செய்யச் சொல்லிவிட்டு யாரும் வந்து வாங்காமல் போன கொக்கிகளையெல்லாம் அதில் தொங்கவிட்டிருப்பார். காற்றே இல்லாத மத்தியானத்தில் அதில் ஏதாவது ஒன்று மட்டும் டிங் என்று அடிக்கும். "யாருக்கோ வண்டி நின்னு போச்சு" என்று சொல்லிவிட்டு வேலையைப் பார்ப்பார்.

அவரிடம் நான் ஏன் போனேன் என்பதைச் சொல்ல வேண்டும். என் வீட்டம்மா பாக்கியத்துக்கு வலது பக்கம் வாதம் வந்து நடமாட்டம் போய்விட்டது. அவளுக்கு ஒரே அக்கா, வடக்குக் கோடியில் திக்லிபூரில். பாக்குத்தோப்புக்காரி. அந்த அம்மாள் வழுக்கி விழுந்து இடுப்பு ஒடிந்து கட்டிலோடு கட்டிலாகிவிட்டாள். இனி எத்தனை காலம் என்று டாக்டர் சொல்லவில்லை, நாங்களும் கேட்கவில்லை. இவள் இங்கே, அவள் அங்கே. போனில் பேசினால் நெட்வொர்க் போய்விடும், இருந்தால் அழுகை. பஸ்ஸில் நாள் முழுக்க உட்கார இவளால் முடியாது. கப்பல் ஏணியில் ஏற்றவும் முடியாது. "என்னங்க, அவளை ஒருவாட்டி தொட்டுப் பார்த்துட்டா போதும்" என்றாள். அதற்கு மேல் ஒன்றும் கேட்கவில்லை.

அப்போதுதான் மொபைலில் ஒரு வெள்ளைக்காரன் மலைக்காட்டுக்குள் ஒரு வீட்டையே ஜீப்பில் இழுத்துக்கொண்டு போவதைப் பார்த்தேன். காரவேனாம். கட்டில், அடுப்பு, கக்கூஸ் எல்லாம் உள்ளேயே. இவனால் முடிந்தால் என்னால் முடியாதா? என் ஷெட்டிலேயே ஒன்று கட்டினேன். வெள்ளைக்காரன் தகரத்தில் கட்டுகிறான். நான் பழைய பார்ஜ், அதாவது சரக்குத் தோணி, உடைத்த இரும்புப் பலகையில் கட்டினேன். மெலிசாக எதையும் செய்து எனக்குப் பழக்கமில்லை. பார்த்தவர்கள் எல்லாம், "வீட்டுக்குச் சக்கரம் வெச்சிருக்கீங்களா, கோட்டைக்கு வெச்சிருக்கீங்களா?" என்றார்கள். பொறாமை.

கொக்கியார் வந்தார். காரவேனைச் சுற்றினார். இழுக்கிற தண்டின்மேல் ஏறி உட்கார்ந்து கண்ணை மூடிக்கொண்டார்.

"இந்த இரும்பு தண்ணிக்குள்ள கெடந்தது. அப்படித்தானே?"

"ஆமாண்ணே, பார்ஜ் இரும்பு."

"ம். இதுக்குத் திரும்பிப் போகணும்னு நெனப்பு இருக்கு. எதை வெச்சு இழுக்கப் போறீரு?"

மருமகன் வாங்கிய புது காரைக் காட்டினேன். கண்ணாடி மாதிரிப் பளபளவென்று நின்றது. கோர்த்துப் பார்த்தார். பின்பக்கம் பொத்தென்று அமுங்கி, முன்பக்கம் வானத்தைப் பார்த்தது.

"பிரசவ வலி வந்த எருமை மாதிரி நிக்குது. முன் சக்கரம் தரையைத் தொடாம நீரு ஸ்டீயரிங்கைத் திருப்பி என்ன வே ஆகப் போகுது?"

என் ஜல்லி ஏற்றுகிற டிப்பர் லாரியைக் கொண்டுவந்தேன். பலத்துக்குக் குறைவில்லை. ஆனால் அது உயரம், காரவேன் தணிவு. கோர்த்ததும் காரவேன் மல்லாக்கச் சாய்ந்தது. "உம்ம டிப்பரு அசையாம போகும், பின்னால வர்ற வீடு திக்லிபூர் போய்ச் சேரும்போது ஜல்லியா இருக்கும்." அடுத்தது பழைய ஜீப். அதைக் கிட்டேயே விடவில்லை. "இறக்கத்துல நீரு இழுக்க மாட்டீரு, அது உம்மைத் தள்ளும்."

கடைசியில் அவரே ஒன்றைக் கண்டுபிடித்தார். ரோடு வேலைக்கு ஓடி ஏலத்தில் போன ஒரு டபுள் கேபின் லாரி; உள்ளே ரெண்டு வரிசை சீட்டு, நாலு சக்கரமும் இழுக்கும், பின்னால் திறந்த தட்டு. காரவேனைவிடக் கனம். அந்தக் கனம் ஒன்றுதான் தேவை என்றார். "இழுக்கிறவன் கனமா இருக்கணும். இல்லாட்டி யாரு யாரை இழுக்கறதுன்னு நடு ரோட்டுல சண்டை வரும்." அந்த லாரியின் முன்னாள் டிரைவர் ஒருநாள் அதை ஓரமாக நிறுத்தி, சாவியை சீட்டில் வைத்துவிட்டு, காட்டுப் பக்கம் நடந்து போனவர் திரும்பவே இல்லையாம். இதைக் கொக்கியார், நான் வாங்கி ஓட்டிக்கொண்டு வந்த பிறகுதான் சொன்னார்.

மெயின்லேண்டிலிருந்து கப்பலில் வரவழைத்த குண்டுக் கொக்கி ஒன்றை நான் பெருமையாகக் காட்டினேன். குண்டின்மேல் கிண்ணம் கவிழ்ந்து உட்காரும் மாதிரி. அதை அப்படியே மழைமரத்துக்கு அனுப்பிவிட்டார். "தார் ரோட்டுக்கு இது ராஜா. பள்ளத்துல ஒரு சக்கரம் இறங்கி மறு சக்கரம் ஏறினா, முறுக்கிக் கழன்டுரும். கோர்த்தது மூணு பக்கமும் திரும்பணும், ஆனா விடக் கூடாது." வளையமும் கொக்கியுமாகத் தானே அடித்தார். அடியில் ரெண்டு சங்கிலி, ஒன்றுக்கொன்று குறுக்கே. கொக்கி விட்டாலும் தண்டு தரையில் குத்தாமல் சங்கிலித் தொட்டிலில் விழும்.

பாக்கியத்தை வாசலுக்குக் கொண்டுவந்து உட்கார வைத்தேன். "காரவேனுக்குள்ளேயே படுத்துக்கிட்டு வந்துருவா, அண்ணே" என்றேன்.

"இழுபடற வண்டிக்குள்ள உசுரு இருக்கக் கூடாது. அம்மா முன்னால, லாரியில." சொல்லிவிட்டு அவளைப் பார்த்தார். முகத்துக்கு நேராக. அப்படி அவர் யாரையும் பார்த்து நான் கண்டதில்லை.

"என்ன அண்ணாச்சி, என் பின்னால யாரும் இல்லையா?" என்றாள் பாக்கியம். அவளுக்கு வாய்க்கு மட்டும் வாதம் வரவில்லை.

"இல்ல தாயி. உனக்கு முன்னாலதான் ஒருத்தி நிக்கா. சீக்கிரம் போகணும்" என்றார்.

அவள் சிரிப்பு பாதியில் நின்றது. என் சிரிப்பு ஆரம்பிக்கவே இல்லை.

சாயங்காலம் மரைன் ஹில் ஏற்றத்தில் வெள்ளோட்டம். இங்கே அஞ்சு மணிக்கெல்லாம் பொழுது சாய்ந்துவிடும். துறைமுகத்து விளக்குகள் ஒவ்வொன்றாக முளைத்தன. ஏற்றத்தில் காரவேன் வாலை ஆட்ட ஆரம்பித்தது. நிறுத்தினோம். கொக்கியார் தண்டின்மேல் உட்கார்ந்தார்.

"மொத்த கனத்துல பத்துல ஒரு பங்கு இந்த மூக்குல நிக்கணும். நேத்து நின்னுச்சு. இன்னிக்கு இல்ல. உள்ள ஆள் இருக்கு வே."

"பூட்டியிருக்குண்ணே."

"பின்னால, வலது மூலையில. படுத்திருக்கு. மூச்சு விடுது, கேளும்."

காதை வைத்துக் கேட்டேன். இரும்புக்கு அந்தப் பக்கம் ஏதோ மெதுவாகப் புரண்டது. ளொப். கொஞ்ச நேரம் கழித்து மறுபடியும், ளொப். எனக்குப் பயமில்லை, கைமுடி மட்டும் தன் இஷ்டத்துக்கு எழுந்து நின்றது.

மேலே வீட்டு ஜன்னலிலிருந்து பாக்கியம் கத்தினாள்: "என்னங்க! காலையில தண்ணி வந்துச்சுல்ல, வண்டி டாங்கியையும் நிரப்பச் சொல்லிட்டேன்!"

போர்ட் பிளேர்க்காரர்களுக்கு இதை விளக்க வேண்டாம். மற்றவர்களுக்குச் சொல்கிறேன்: இங்கே குழாயில் தினமும் தண்ணீர் வராது. வருகிற நாளில் வாயுள்ள பாத்திரம் எதையும் காலியாக விட மாட்டோம். தண்ணீரைப் பாரம் என்று எங்களில் யாரும் நினைப்பதில்லை. சொத்து என்று நினைப்போம். வால் பக்கத்து டாங்கியில் அந்தச் சொத்து முக்கால்வாசி நிறைந்து, புரண்டு புரண்டு வண்டியை ஆட்டியிருக்கிறது.

"அண்ணே, வெறும் தண்ணி!" என்று சிரித்தேன்.

கொக்கியார் சிரிக்கவில்லை. "தண்ணியா இருந்தா மட்டும் ஆள் இல்லைன்னு ஆயிருமா?" என்றார். டாங்கியைச் சக்கரத்துக்கு நேர் மேலே மாற்றினோம். மூக்குக் கனம் சரியாக வந்தது. ஆனாலும் போகும்போது அந்த வலது மூலையைப் பார்த்துத் தலையாட்டிவிட்டுத்தான் போனார்.

கிளம்பின அன்று அவரும் வந்து லாரித் தட்டில் ஏறிக்கொண்டார், பின்பக்கம் பார்த்து. ஒரு கயிற்றின் நுனியை என் கையில் கட்டி, மறு நுனியைத் தன் கையில் வைத்துக்கொண்டார். "ஒரு இழுப்பு, நல்லாப் போகுது. ரெண்டு, மெதுவா. விடாம இழுத்தா, நிறுத்தாதீரும், ஓட்டாதீரும், கேள்வி கேக்காதீரும்."

வழியில் வருகிற பழங்குடியினர் ரிசர்வ் காட்டுக்குள் தனியாகப் போக முடியாது. போலீஸோடு வரிசையாகக் கான்வாயில்தான் போக வேண்டும். உள்ளே நிறுத்தக் கூடாது, இறங்கக் கூடாது. செக்போஸ்டில் ஒரு போலீஸ்காரர் தட்டைப் பார்த்து, "ஊப்பர் கோன் பைட்டா ஹை?" என்று, மேலே உட்கார்ந்திருப்பது யார் என்று அதட்டினார். கொக்கியார் போலீஸ்காரரின் தோளுக்குப் பின்னால் பார்த்து, மெதுவாகத் தலையாட்டினார். அவர் திரும்பிப் பார்த்தார். அப்புறம் எங்களைப் பார்க்காமலே, "ஜாவ், ஜாவ்" என்று கையை வீசினார்.

காட்டுக்குள் மழை பிடித்தது. மேலே மரங்கள் மூடிக்கொண்டு, காலையிலேயே விளக்குப் போட்டு ஓட்ட வேண்டியிருந்தது. பறவைச் சத்தம்கூட இல்லை. பின் சீட்டில் தலையணைகளுக்கு நடுவில் சாய்ந்திருந்த பாக்கியம், பின்பக்கம் காட்டுகிற கண்ணாடியைப் பார்த்தபடி கேட்டாள்:

"என்னங்க, பின்னால வர்ற வீட்டு ஜன்னல் திரை ஆடுதே. ஜன்னலைச் சாத்தினீங்கதானே?"

"சாத்தினேன். பேசாம வா."

அப்போது கயிறு இறுகியது. ஒன்று இல்லை, ரெண்டு இல்லை. விடாமல் இழுத்தது. பின்னால் வண்டிகள் ஹாரன் அடித்தன. நிறுத்த முடியாது. அடுத்து வருகிறது இறக்கம். கொக்கி கழன்றால் வீடு எங்கள் முதுகில் ஏறும், இல்லையென்றால் பின்னால் வருகிறவன்மேல் உருளும். கண்ணாடியில் கொக்கியாரைக் காணோம். தட்டு விளிம்பில் ரெண்டு கால் மட்டும் தெரிந்தது. மழைக்கு நடுவே அவர் குரல் கேட்டது. யாரிடமோ தாழ்வாக, சமாதானமாகப் பேசிக்கொண்டே இருந்தார். பாக்கியம் கண்ணை மூடி, "அக்கா, அக்கா" என்று முணுமுணுத்தாள். எந்தச் சாமியையும் கூப்பிடவில்லை.

காடு முடிந்து பெர்ரி ஏறுகிற மிடில் ஸ்ட்ரெயிட் ஜெட்டியில் நிறுத்தி, இறங்கி ஓடினேன். கொக்கியைப் பூட்டுகிற ஊசி முறிந்திருந்தது. கொக்கியார் குப்புறப் படுத்து, தோள் வரை கையைக் கீழே விட்டு, ஊசித் துளையில், வெல்டிங் கசடு தட்டுகிற சுத்தியலின் காம்பைச் சொருகி, அது எகிறாமல் அழுத்திப் பிடித்திருந்தார். விரல்களை ஒவ்வொன்றாக நான்தான் பிரித்து எடுத்தேன். ஐஸ் மாதிரி இருந்தன.

"ஒண்ணுமில்ல வே. காடு முழுக்கப் பேசிக்கிட்டே வந்தேன். கேட்டுக்கிட்டே வந்துச்சு."

"யாரு, வண்டியா?"

என் தோளுக்குப் பின்னால் பார்த்தார். "வண்டியும்" என்றார்.

வேறு ஊசி போட்டு, பெர்ரி ஏறி, பொழுது சாய்கிற நேரத்தில் திக்லிபூர் போய்ச் சேர்ந்தோம். சேற்றுப் பாதையில் பாக்கு மரங்களுக்கு நடுவே வீட்டை அக்கா வாசல் வரைக்கும் இழுத்துக் கொண்டுபோய் நிறுத்தினேன். அப்படி ஓட்ட இந்தத் தீவில் வேறு ஆள் இல்லை. பாக்கியத்தைக் காரவேன் கட்டிலுக்கு மாற்றி, அக்காவை நாற்காலியோடு தூக்கி அதற்குள் வைத்தோம். ரெண்டு பேரும் கையைப் பிடித்துக்கொண்டார்கள். நான் வெளியே வந்துவிட்டேன்.

கொக்கியார் இருட்டில் நின்றுகொண்டிருந்தார். "பேசுதாங்களா?"

"சண்டை போடுறாங்கண்ணே. கல்யாணத்துக்கு முந்தி யாரோ யாரோட ரிப்பனையோ எடுத்துட்டாங்களாம்."

அவர் பல் தெரியச் சிரித்ததை அன்றுதான் பார்த்தேன்.

ரெண்டு ராத்திரி தங்கிவிட்டுத் திரும்புவதாகப் பேச்சு. கிளம்பும் காலையில் கொக்கியார் கொக்கிக்குக் கீழே படுத்துப் பார்த்துவிட்டு, "இன்னிக்கு ஆகாது வே. வெல்டிங் பத்து வெச்சது இன்னும் பிடிக்கல" என்றார். உள்ளே ரெண்டு கிழவிகளும் ரிப்பன் சண்டையை முடித்து, ஏதோ ஒரு பழைய கல்யாண விருந்துச் சண்டைக்கு வந்திருந்தார்கள். மறுநாள், "வளையத்துல ஒரு கோடு தெரியுது." அதற்கும் மறுநாள், "இரும்புக்கு மனசு சரியில்லை."

இரும்பைப் பற்றி எனக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. ஊசி புதுசு, வளையம் முழுசு. அந்தக் கொக்கியில் யானையைக் கட்டி இழுக்கலாம். தினமும் காலையில் நானும் அவர் பக்கத்தில் சேற்றில் படுத்து, உற்றுப் பார்த்து, உள்ளே இருக்கிறவர்கள் காதில் விழுகிற மாதிரி உரக்கச் சொன்னேன்:

"ஆமாண்ணே. இன்னிக்குப் போக முடியாது."