மராலின் கால்கயிறு

இந்தக் கதையைப் பல வருஷங்களாக நான் முழுசாக நம்பவில்லை. நம்பாமல் தள்ளவும் முடியவில்லை. சொன்னவன் தாலாய், எங்கள் கரகோல் ஊருக்கும் ஏரிக்கரைக்கும் நடுவே மினி வேன் ஓட்டுகிறவன். நான் முன்சீட்டில் ஏறி உட்கார்ந்தால் போதும், கியர் மாற்றுவதற்குள் கதையை ஆரம்பித்துவிடுவான். சம்பவம் நடந்த அன்று நான் ஊரில் இல்லை. பல் பிடுங்கிக்கொள்ளத் தலைநகர் பிஷ்கெக் போயிருந்தேன். அதனால் கண்ணால் பார்த்த சாட்சி என்று சொல்லிக்கொள்ள வழியில்லை. ஐம்பதைத் தாண்டிய பிறகு எனக்கு எல்லாவற்றின் மேலும் சந்தேகம் வருகிறது, என் சந்தேகத்தின் மேலும்கூட. ஆனால் இந்தக் கதையில் சந்தேகமெல்லாம் கடைசிக் கொஞ்ச தூரத்தில்தான். அதுவரைக்கும் அவன் சொன்னபடியே சொல்கிறேன்.

தாலாய்க்கு அப்போது மூன்று பிள்ளைகள். அசன், உசன் என்று இரட்டைப் பையன்கள், நாலு வயது. கடைக்குட்டி மரால், பெண். முதல் பிறந்தநாள் நெருங்கிக்கொண்டிருந்தது. சுவரைப் பிடித்துக்கொண்டு எழுந்து நிற்பாள். பிடியை விட்டதும் பொத்தென்று உட்கார்ந்துவிட்டு, யாரோ தள்ளிவிட்ட மாதிரி அப்பனை முறைப்பாள்.

பிள்ளை நடக்கத் தொடங்கினால் கால்கயிறு அறுக்க வேண்டும். கறுப்பும் வெள்ளையுமாக முறுக்கிய நூலால் இரண்டு கணுக்காலையும் சேர்த்துக் கட்டி, பிள்ளையைப் புல்வெளியில் நிறுத்துவோம். தூரத்திலிருந்து விருந்தாளிகள் ஓடி வருவார்கள். சில வீடுகளில் ஆணுக்குத் தனி ஓட்டம், பெண்ணுக்குத் தனி ஓட்டம். தாலாய் வீட்டு வகையில் ஓட முடிந்தவர் எல்லாம் ஒன்றாக ஓடுவது வழக்கம். முதலில் வந்து சேர்கிறவர் கத்தியால் நூலை அறுப்பார். அறுத்தவரின் நடையும் குணமும் பிள்ளைக்கு ஒட்டிக்கொள்ளும் என்பார்கள். நான் நம்புகிறேனா என்று கேட்காதீர்கள். என் கயிற்றை அறுத்தவர் ஒரு பள்ளிக்கூட ஆய்வாளர். அதற்குமேல் நான் எதுவும் சொல்வதற்கில்லை.

இரட்டையர்களின் கயிற்றை அறுத்தவன், தாலாயின் மனைவி கனிஷாயின் தம்பி ஷெர்மாத். காற்று மாதிரி ஓடுகிறவன். வந்த வேகத்தில் இரண்டு கயிற்றையும் அறுத்துவிட்டு, நிற்க முடியாமல் வேலிவரைக்கும் போய்த்தான் நின்றானாம். அன்றைக்கு ஓட ஆரம்பித்த பையன்கள் இன்னும் நிற்கவில்லை. அதுவும் ஒரே திசையில் ஓடினாலாவது பரவாயில்லை. அசன் கிழக்கே போனால் உசன் மேற்கே போவான். ஒருவனைக் கோழிக்கூண்டிலிருந்து இழுத்துக்கொண்டு வருவதற்குள் மற்றவன் பக்கத்து வீட்டுக் கூரையில் இருப்பான்.

ஒருநாள் சாப்பிடும்போது தாலாய் கரண்டியை வைத்துவிட்டுத் தீர்மானமாகச் சொன்னான்.

"இந்தப் பொண்ணோட கயித்த உன் தம்பி அறுக்கக் கூடாது."

"வேற யாரு அறுப்பா?"

"நான்."

கனிஷாய் அவன் முகத்தைப் பார்க்கவில்லை. வயிற்றைப் பார்த்தாள்.

"நீங்க ஓடுவீங்களா?"

"ஏன், எனக்குக் கால் இல்லியா?"

"இருக்குங்க. நீங்க அதைப் பாத்து ரொம்ப நாளாச்சேன்னு கேட்டேன்."

அவளைக் குறை சொல்லிப் பயனில்லை. தாலாயின் உடம்புக்கு இரண்டு நிலைதான் தெரியும்: வேனில் உட்கார்வது, வீட்டில் படுப்பது. காலையில் முதல் நடை, இருட்டும்போது கடைசி நடை. நடுவில் சந்தையோரத்தில் இரண்டு சம்சா. வீட்டுக்கு வந்தால் ஒரு பையன் தோளில், ஒருவன் முழங்காலில், பெண் குழந்தை மார்பில். இதற்கு நடுவே உடற்பயிற்சியை எங்கே செருகுவது? விடிவதற்கு முன்னால் ஒரு மணி நேரம் இருக்கிறது. ஆனால் அந்த ஒரு மணி நேரம்தான் அவனுடைய மொத்தத் தூக்கமும்.

இருந்தாலும் தீர்மானம் தீர்மானம்தான். மறுநாள் கருக்கலில் காலணியைக் கையில் எடுத்துக்கொண்டு, வெறும் காலுறையோடு வீட்டைத் தாண்டினான். தெருமுனையில் மாட்டிக்கொண்டு ஓட ஆரம்பித்தான்.

எங்கள் தெருவில் வயசுவந்த ஆண்பிள்ளை விடியற்காலையில் ஓடினால் அதற்கு ஒரே அர்த்தம்தான். அடுத்த வீட்டு ஒமுர், தூங்கின உடுப்போடு குதிரைமேல் ஏறிப் பின்னாலேயே வந்துவிட்டார்.

"எந்தப் பக்கம் போச்சு?"

"எதுண்ணே?"

"மாடுதான்."

"மாடு இல்லண்ணே. நான்தான் ஓடுறேன்."

"அது தெரியுது. எது பின்னால?"

"எது பின்னாலயும் இல்ல. சும்மா."

ஒமுர் குதிரையை இழுத்து நிறுத்தினார். பிறகு குரலைத் தாழ்த்தி, "வீட்ல சண்டையா?" என்று கேட்டார்.

தாலாய் விளக்கிச் சொல்லி முடிப்பதற்குள் காரியம் கைமீறிவிட்டது. ஓட்டத்தைப் பார்த்த மற்றவர்கள் கயிறும் கையுமாக ஆற்றுப்பக்கம் கிளம்பிப் போய்விட்டார்கள். போனவர்கள் வெறுங்கையோடு வரவில்லை. ஒரு மாட்டைப் பிடித்தே கொண்டுவந்துவிட்டார்கள். யாருடைய மாடோ தெரியாது. தேடிப் போனவர்களுக்கும், பின்னாலேயே சத்தம் போட்டுக்கொண்டு வந்த மாட்டுக்காரருக்கும் சேர்த்து கனிஷாய் தேநீர் வைத்தாள். முதல் நடை வேன் அன்றைக்குக் கிளம்பவே இல்லை.

எல்லாரும் போனபிறகு அவள் பொறுமையாகப் பேசினாள். தெருவில் ஓடினால் ஊர் வேலைவெட்டியெல்லாம் கெட்டுப்போகும். தம்பி பயிற்சி எடுத்ததைப் பக்கத்திலிருந்து பார்த்தவள் அவள். அவள் சொல்கிறபடி கேட்டால் வீட்டைவிட்டு வெளியே ஓடாமலேயே அவனை ஓட்டக்காரனாக்கிக் காட்டுவாள்.

தாலாய் ஒப்புக்கொண்டான்.

தோள் பலப்பட வேண்டும், ஆகவே மேட்டுத் தெருக்குழாயிலிருந்து இரண்டு வாளித் தண்ணீர். வேனை எடுக்காமல், கால்நடையாகப் பையன்களைப் பாலர் பள்ளியில் கொண்டுபோய் விட வேண்டும், அது தொடைக்கு. பயிற்சியில் அதுதான் கடினமான பகுதி என்று தாலாய் சொல்வான். கிழக்கே போனவனைப் பிடித்து இடுப்பில் இடுக்கிக்கொண்டுதான் மேற்கே போனவனைத் துரத்த முடியும். ஞாயிற்றுக்கிழமை கம்பளங்களையெல்லாம் வேலியில் போட்டு அடிக்க வேண்டும். மூச்சு நிலைப்பதற்காக, மரால் தூங்கும்வரை சாயங்காலம் அவளைத் தோளில் வைத்து முற்றத்தைச் சுற்றி வர வேண்டும். மரால் லேசில் தூங்குகிற பிள்ளை இல்லை.

"அப்ப நீ என்ன பண்ணுவே?" என்று ஒருதரம் கேட்டான்.

"நான் பள்ளிக்கூட மைதானத்துக்குப் போறேங்க. சாயங்காலம் பொம்பளைங்க வாலிபால் ஆடுறாங்க. நான் வீட்ல இருந்தா நீங்க வேலைய எங்கிட்டத் தள்ளிவிட்ருவீங்க. உங்க பயிற்சி கெட்டுப்போயிடும்."

தனக்காக அவள் இவ்வளவு சிரமப்படுகிறாளே என்று தாலாய் உருகிப்போனான்.

நடுநடுவே சோர்வு வரும். வாளியை வைத்துவிட்டு வாசலில் உட்கார்ந்துவிடுவான். அந்த நேரம் பார்த்து கனிஷாய் கைபேசியும் கையுமாக வந்து தம்பியின் செய்தியைச் சொல்வாள். ஷெர்மாத் ஓடுகிறானாம், நிற்கவே இல்லையாம், ஆளே இளைத்துவிட்டானாம். தாலாய் எழுந்து வாளியை எடுப்பான். இப்படியே கோடை பாதி போயிற்று. அவனுடைய பெல்ட்டுக்குப் புதிதாக ஓர் ஓட்டை போட வேண்டி வந்தது. இந்தத் தடவை உள்பக்கமாக.

ஒரு சிக்கல் மட்டும் பாக்கி. பெற்ற தகப்பன் ஓடலாமா? அந்தக் குடும்பத்தில் வழக்கம் எது, வழக்கம் இல்லாதது எது என்று முடிவு செய்கிறவர் பூபுஷ் அத்தை, தாலாயின் அப்பாவுக்கு அக்கா. கத்தி அவர் கையில்தான் இருக்கும். தாலாய் ஒரு பெட்டி மிட்டாயை வாங்கிக்கொண்டு மனைவியோடு போய் உட்கார்ந்தான். தகப்பன் நடை பிள்ளைக்குள் ஏற்கெனவே இருக்கிறதே, அவன் ஓடி என்ன ஆகப்போகிறது என்றார் அத்தை. தாலாய் விடவில்லை. வழக்கறிஞன் மாதிரி வாதாடினான். இறைச்சி சாப்பிட வருகிற தூரத்துச் சொந்தமெல்லாம் ஓடலாம், தூக்கம் கெட்டுப் பிள்ளையைத் தூக்கிச் சுமக்கிறவர்கள் ஓடக்கூடாதா? அப்படி எந்த ஊரில் சட்டம்?

அத்தை இன்னொரு மிட்டாயை எடுத்துப் பிரித்தார். "சரி போ. பெத்தவங்க ஓடலாம்."

கனிஷாய் தேநீர் ஊற்றிக்கொண்டிருந்தாள். "பெத்தவங்கன்னுதானே அத்தை சொன்னீங்க?"

"ஆமாம்மா."

"இல்ல, இவருக்கு நல்லாக் காதுல விழணும்னு கேட்டேன்."

மனைவி தன் கட்சியில் இருக்கிறாள் என்று தாலாய் வீடு திரும்பும் வழியெல்லாம் பெருமைப்பட்டுக்கொண்டான்.

விருந்து நாள் வந்தது. அத்தை வீட்டுக்குப் பின்னால் உள்ள புல்வெளியில் விரிப்பு போட்டு, போர்சொக் என்கிற பொரித்த மாவுப் பலகாரத்தைக் குன்றுமாதிரி குவித்திருந்தார்கள். ஷெர்மாத் வண்டியிலிருந்து இறங்கினான். தாலாய் அவனை ஒருமுறை பார்த்தான். கண்ணைக் கசக்கிக்கொண்டு மறுபடி பார்த்தான். மார்பில் ஒரு கைக்குழந்தை தொங்கியது. கண்ணுக்குக் கீழே கரி பூசியது போல இருந்தது. மூன்று மாதத்துக்கு முன்னால் அவனுக்குப் பிள்ளை பிறந்த செய்தி தாலாய்க்குத் தெரிந்ததுதான். அதை ஓட்டத்தோடு சேர்த்து யோசிக்கத்தான் தோன்றவில்லை.

"மச்சான், படுக்க ஒரு மூலை கிடைக்குமா?" என்றான் ஷெர்மாத். பதில் வருமுன் குழந்தையை அக்காவிடம் கொடுத்துவிட்டு, அடுக்கியிருந்த மெத்தைகள்மேல் சாய்ந்து காலணியோடு தூங்கிவிட்டான்.

தாலாய் மனைவியைத் தனியாகக் கூப்பிட்டான். "உன் தம்பி ஓடுறான், நிக்கவே இல்லன்னு சொன்னியே?"

"ஆமா, ஓடத்தானே செய்றான். பிள்ளையத் தூக்கிக்கிட்டு வீட்டுக்குள்ளாற, விடிய விடிய."

கோபம் வந்தது. வந்த வேகத்தில் போயும் விட்டது. எதிரி குறட்டை விடுகிறான். மிச்சமிருப்பது யார்? பூட்ஸ் காலோடு ஒமுர், சாப்பாட்டின் மேல் ஒரு கண்ணோடு சில மச்சினன்மார். கயிறு நமக்குத்தான் என்று நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு பாப்ளார் மர வரிசைக்கு நடந்தான். ஓட்டம் அங்கிருந்துதான். எதிரே தூரத்தில், கால் கட்டிய மராலைக் கைப்பிடித்து நிறுத்தியிருந்தார் அத்தை.

வரிசையில் நின்றபிறகு பக்கத்தில் யாரோ காலணி நாடாவை இறுக்கிக் கட்டுவது தெரிந்தது. கனிஷாய்.

"நீ எங்க வந்தே?"

"ஓடத்தான்."

"தாயார் ஓடுற வழக்கமே கிடையாதே."

"பெத்தவங்க ஓடலாம்னு தீர்ப்பு வாங்கினது யாருங்க? மிட்டாய் வாங்கிக் குடுத்தது யாரு?"

தாலாய் கெஞ்சுகிற குரலில், "நான் எவ்ளோ நாளா பாடுபட்டேன், பாத்தேல்ல?" என்றான்.

"பாத்தேன். அதத்தான் நான் நாலு வருசமா பண்ணிக்கிட்டிருந்தேன்." அவள் தலைத்துணியை இறுக்கி முடிந்துகொண்டாள். "கோவிச்சுக்காதீங்க. பசங்க ரெண்டும் என் தம்பி மாதிரி பேயா அலையுதுங்க. உங்க குணம் ஒட்டிச்சுன்னா இவ உக்காந்த எடத்த விட்டு எந்திரிக்க மாட்டா. வீட்டுக்கு நடுவாந்தரமா ஒருத்தர் வேணும்."

ஒமுர் தொப்பியை வீசினார். ஓட்டம் தொடங்கியது.

இங்கிருந்துதான் தாலாயின் குரல் மாறும். பாதி தூரம் இருவரும் சரிக்குச் சரியாக ஓடினார்களாம். மற்றவர்கள் எப்போதோ பின்தங்கிவிட்டார்கள். அவன் பக்கவாட்டில் திரும்பி மனைவியைப் பார்த்தானாம். தலைத்துணி அவிழ்ந்து பறக்கிறது. அவள் சிரித்துக்கொண்டே ஓடுகிறாள். பிள்ளைகள் பிறந்தபிறகு அப்படி வாய்விட்டு அவள் சிரித்து அவன் பார்த்ததில்லையாம். போகட்டும், இன்றைக்கு இவளுடைய நாள் என்று ஒரு நினைப்பு வந்ததாம். வேகத்தைக் கொஞ்சம், கொஞ்சமே கொஞ்சம் குறைத்தானாம்.

"விட்டுக்குடுத்துட்டேண்ணே," என்பான், ஏரிப் பாதையில் கண்ணை வைத்துக்கொண்டு. ஒவ்வொரு தடவையும் அதே இடத்தில், அதே பெருமூச்சோடு.

மறுநாள் காலை அவன் போர்வையை இழுத்துப் போர்த்திக்கொண்டு, பயிற்சிதான் முடிந்துவிட்டதே என்றானாம். அடுத்த வருஷம் ஷெர்மாத் பிள்ளைக்குக் கயிறு அறுக்க வேண்டும், இப்போது விட்டால் தொப்பை திரும்பி வந்துவிடும் என்று சொல்லி கனிஷாய் வாளிகளைக் கட்டிலோரம் வைத்தாளாம். இப்போது மராலுக்கு ஒன்பது வயது. தாலாய் இன்னும் தண்ணீர் தூக்குகிறான். கனிஷாய் இன்னும் வாலிபால் ஆடுகிறாள். அவன் முகத்தில் ஒரு வருத்தமும் எனக்குத் தெரியவில்லை. இவ்வளவு நிறைவாக இருக்கிற மனிதனின் கதையைச் சந்தேகிக்க எனக்கு என்ன உரிமை என்று பலமுறை என்னையே கேட்டுக்கொண்டிருக்கிறேன். விட்டுக்கொடுத்தவனுக்கும் தோற்றவனுக்கும் வீட்டுக்குள் பெரிய வித்தியாசம் உண்டா என்றும் யோசித்ததுண்டு.

போன இலையுதிர் காலத்தில் முன்சீட்டில் உட்கார்ந்து மறுபடி கேட்டேன். அன்றைக்கு அவன் நல்ல உற்சாகத்தில் இருந்தான். மகளைப் பற்றிப் பெருமையாக, இதுவரை சொல்லாத ஒன்றையும் சேர்த்துச் சொன்னான். விருந்தன்று அவன் ஓடிப்போய்ச் சேர்ந்தபோது மரால் தானாகவே விரிப்புவரைக்கும் நடந்து போயிருந்தாளாம். அங்கே நின்று இரண்டாவது போர்சொக்கைக் கடித்துக்கொண்டிருந்தாளாம். அத்தை கத்தியைத் துடைத்து உறையில் போட்டுவிட்டாராம்.

எட்டு வருஷமாக வாய்க்குள் வைத்திருந்த சந்தேகத்தை அப்போதுதான் கேட்டேன்.

"தாலாய், நீ விட்டுக்குடுத்தேன்னே வெச்சுக்குவோம். அவ கயித்த அறுத்து, பல்லு சரியா முளைக்காத பிள்ள நடந்து போயி ஒரு போர்சொக்க முழுசாத் தின்னு முடிச்சு ரெண்டாவத எடுக்குற வரைக்கும், நீ எங்கப்பா வந்துக்கிட்டிருந்தே?"