நல்லதண்ணிக் கொள்கை

"மரைக்காரும் நல்லதண்ணி குடுக்கப் போறாராம்" என்று மனைவி பெற்றிசியா வந்து சொன்னபோது, வள்ளங்களின் முதலாளியான சம்மாட்டி சிங்கராசா ஒரு காலில் சப்பாத்தோடும் மறு காலில் வெறுமையாகவும் கதிரையில் இருந்தார்.

"ஆர் சொன்னது?"

"ஊரே சொல்லுது. மத்தியான லுகர் தொழுகை முடிஞ்ச கையோடை கடைவாசலிலை நிண்டு சொன்னவராம். நல்லதண்ணி, தெருவிளக்கு, வாய்க்கால். காலமை பூசை முடிய நீங்கள் கோயில்வாசலிலை சொன்ன அதே மூண்டும்."

கழற்றிய சப்பாத்து சுவரில் போய் மோதியது.

அவர் கோபப்பட்டதில் தவறில்லை. கொழும்புச் சட்டசபைக்கு ஆள் தெரிவு செய்ததுபோல, மன்னார்ப் பட்டினத்துக் காரியம் பார்க்கும் சபைக்கும் இனிச் சனங்களே வோட்டுப் போட்டு ஆள் தெரிவு செய்யப் போகிறார்களாம். சந்தைக்குப் போன பெற்றிசியா இந்தச் செய்தியோடு திரும்பிய நாள் முதல் சிங்கராசா ஒழுங்காக நித்திரை கொள்ளவில்லை. அவருடைய தகப்பனார் யாகப்பர் சம்மாட்டி கண்மூடியபோது கடற்கரையில் ஒரு வள்ளமும் தொழிலுக்குப் போகவில்லை. அந்தக் குடும்பத்தில் பிறந்தவர் புடவைக்கடைச் சரிபுதீன் மரைக்காரிடம் தோற்றுப்போனால், பிறகு வேதக்கோயிலில் முன்வரிசை வாங்கில் எந்த முகத்தோடு இருப்பது?

அதற்காகத்தான் பழைய பத்திரிகைகளையெல்லாம் தூசி தட்டி, பம்பாயிலும் லண்டனிலும் நகரசபைகள் என்ன செய்கின்றன என்று படித்து, முற்போக்கான கொள்கை ஒன்றைத் தாமே ஆக்கினார். வேதக்காரர், இஸ்லாமானவர், சைவக்காரர், இருப்பவர், இல்லாதவர் என்ற பேதமின்றி எல்லாருக்கும் ஒரே தண்ணீர், ஒரே வெளிச்சம். அப்படிப்பட்ட கொள்கையை மத்தியானச் சோற்றுக்கு முன்னரே களவு கொடுத்துவிட்டார்.

"இனி அந்த வீட்டோடை குடுக்கல் வாங்கல் வேண்டாம். மரைக்கார்ரை மனிசி உம்மு ஸல்மா வட்டிலப்பம் அனுப்பினாலும் தட்டத்தோடை திருப்பி அனுப்பு!"

"ஓம்" என்றாள் பெற்றிசியா.

வள்ளத்து வேலையாள் பேதுரு தலையைச் சொறிந்தான். "சம்மாட்டியார், எப்ப வோட்டெண்டு ஒருக்கால் அரசாங்கக் கச்சேரியிலை விசாரிச்சால் என்ன?"

"யாகப்பர் சம்மாட்டியின்ரை மோன் கிளாக்கர்மாரிட்டைப் போய்க் கைகட்டி நிக்கிறதோ? நாள் குறிச்சால் அவங்கள் வந்து சொல்லட்டும்!"

"அதுதானே" என்றாள் பெற்றிசியா. "எங்கடை மரியாதைக்கு அது சரிவருமோ? ஆனால் ஒண்டு. வாயாலை ஆரும் சொல்லலாம். மரைக்கார் கடைக்குப் பின்னாலை கிணறு வெட்டத் துவங்கிட்டாராம்."

வெட்டி முடிந்தபோது மரைக்காரின் கிணற்றில் உப்புத் தண்ணீர்தான் ஊறியது. சிங்கராசா கண்ணில் நீர் வரச் சிரித்தார்.

"கருவாடு ஊறப்போடச் சொல்லு!"

"நீங்கள் சிரிக்கிறியள். இந்தத் தெருவிலை நல்லதண்ணி எங்கடை வளவுக் கிணத்திலை மட்டும்தான் இருக்கு. எல்லாருக்கும் ஒரே தண்ணி எண்டு சொன்ன மனிசன், அதை மதிலுக்குள்ளை வைச்சுப் பூட்டியிருக்கிறாரே எண்டு ஆரும் கேட்டால் நான் என்ன சொல்ல?"

சிரிப்பு நின்றது. அந்தக் கிணற்றில் அந்நியர் ஒருவரும் வாளி விட்டதில்லை. அந்த மதில் பாட்டனார் கட்டியது. ஆனால் கோயில்வாசலில் கொடுத்த சொல் அதைவிடப் பெரியது. அந்தக் கிழமையே மதிலை இடித்துத் தெருப்பக்கமாக ஒரு வாசல் வைத்தார்.

முதல்நாள் பெண்கள் குடத்தோடு வந்தார்கள். மறுநாள் கழுதைகள் வந்தன. மன்னார்க் கழுதைக்குத் தண்ணீர் வாசம் தெரிந்தால் மதிலும் தெரியாது, மரியாதையும் தெரியாது. கொடியில் காய்ந்த, சிங்கராசா பூசைக்குப் போடும் கோட்டின் கையை ஒரு கழுதை சப்பத் தொடங்கியது.

"பேதுரு! அடிச்சுக் கலையடா!"

"அடிக்கிறன். எல்லாருக்கும் ஒரே தண்ணி எண்டனீங்கள், அதிலை இதுகளும் சேர்த்தியோ எண்டு முதல் சொல்லுங்கோ."

கழுதைகளை வெளியே நிறுத்துவதற்காக வாசலுக்கு அப்பால் ஒரு தண்ணீர்த் தொட்டி கட்டினார். அதைக் கேள்விப்பட்டதுபோலப் பக்கத்து ஊரான எருக்கலம்பிட்டியின் கழுதைகளும் வந்து சேர்ந்தன. தொட்டி ததும்பியது. ததும்பிய தண்ணீர் தெருவிறக்கத்தில் ஓடி, நேரே மரைக்காரின் புடவைக்கடைக்குள் புகுந்தது.

நனைந்த சாரம் ஒன்றைக் கையில் தூக்கிப் பிடித்துக்கொண்டு மரைக்கார் வந்து சேர்ந்தார்.

"சிங்கராசர்! என்ன வேலை இது? கடைக்குள்ளை கப்பல் விடலாம்!"

"அது முற்போக்குத் தண்ணி, மரைக்கார். பேதம் பாராமல் எல்லா வாசலுக்கும் வரும்."

"அப்ப வாய்க்கால் எங்கை? உங்கடை கொள்கையிலை வாய்க்கால் இருந்ததே!"

"நீர் களவெடுத்த கொள்கையிலையும் இருக்குத்தானே. நீரே கட்டும்!"

"ஆர் கள்வன்? நான் நெஞ்சிலை வைச்சிருந்ததை நீர் முந்திக்கொண்டு வாயாலை சொன்னீர். யா அல்லாஹ், இதுக்கு உம்மட்டை அனுமதி வேறை கேக்கோணுமோ?"

சிங்கராசா சொன்னதை மரைக்கார் செய்தே காட்டினார். தொட்டியடியிலிருந்து கடல்வரைக்கும் சீமெந்தால் நேர்த்தியான வாய்க்கால் ஒன்று கட்டினார். தெரு காய்ந்தது. நுளம்புக்கடி குறைந்தது. கிணற்றடியில் நின்ற பெண்கள், சிங்கராசாவின் கிணற்றுத் தண்ணீரை மொண்டுகொண்டே, மரைக்காரின் வாய்க்காலைப் புகழ்ந்தார்கள். இதைக் கேட்ட சிங்கராசாவுக்குப் பொறுக்கவில்லை.

"இருட்டினாப் பிறகு தண்ணிக்கு வரப் பயமாக்கிடக்காம்" என்றாள் பெற்றிசியா, மீன் அரிந்தபடி. "நான் என்னத்தைக் கண்டன். சொல்லுகினம்."

சிங்கராசா வாசலில் ஒரு பெரிய லாந்தர் தொங்கவிட்டார். மரைக்கார் கடைவாசலில் இரண்டு தொங்கவிட்டார். சிங்கராசா சந்தியில் கம்பம் நட்டார். மரைக்கார் பள்ளிவாசல் வளைவில் நட்டார். சில நாளில் கோயிலிலிருந்து பள்ளிவாசல்வரை தெரு திருநாள்போல ஒளிர்ந்தது.

அந்த வெளிச்சத்தில், கௌரவமான குடும்பத்தின் வாசலில், கண்டவர்களெல்லாம் குந்தியிருந்து கடதாசி விளையாடத் தொடங்கினார்கள்!

"எழும்புங்கோடா! இது என்ரை வாசல்!"

"கோவிக்காதேங்கோ சம்மாட்டியார்" என்றான் ஒருவன், சீட்டிலிருந்து கண்ணெடுக்காமல். "மரைக்கார்ரை விளக்கடியிலை வெளிச்சம் இன்னும் நல்லம். இருந்தாலும் உங்களிலை உள்ள மதிப்பிலைதான் இஞ்சை இருக்கிறம்."

அதோடு பொறுமை போய்விட்டது. கிணறு போயிற்று, மதில் போயிற்று, பூசைக் கோட்டுக்கு ஒரு கை போயிற்று. இத்தனைக்கும் பிறகு வெளிச்சத்தில் மரைக்கார் ஒரு படி மேலாம்!

"கோட்டை எடு பெற்றிசியா. நானே கச்சேரிக்குப் போய்ப் பேர் பதியப் போறன்."

பெற்றிசியாவின் கையிலிருந்த அகப்பை நின்றது. "இப்பவே? என்னத்துக்கு இந்த அவசரம்? மருத்துவிச்சிக்கு ஒரு அறை கட்டினால் நல்லமெண்டு சனம் கதைக்குது. அதையும் முடிச்சுப்போட்டுப் போகலாமே."

"கட்டினால் மரைக்கார் ரெண்டு கட்டுவார்! விலகு."

ஒற்றைக் கைக் கோட்டுக்கு மேலே சால்வையைப் போர்த்துக்கொண்டு அவர் கச்சேரிப் படியேறினால், அங்கே துருக்கித் தொப்பியோடு மரைக்கார் முன்னமே நின்றார். கிளாக்கர் யோகராசாவின் மேசைக்கு இருவரும் ஒன்றாகப் பாய்ந்தார்கள்.

"என்ரை பேரை முதல் எழுதும்!"

"நான் முதல் வந்தனான்! என்ரை பேர்!"

யோகராசா இருவரையும் மாறிமாறிப் பார்த்தார். "என்னத்துக்கு எழுத, ஐயா?"

"எலெக்சனுக்கு!" என்றார்கள் இருவரும் ஒரே குரலில்.

"இஞ்சை எலெக்சன் இல்லையே. சபைக்கு ஆக்களை நியமிக்கிறது அரசாங்க ஏசண்டுத்துரை. வோட்டுக்கீட்டு ஒண்டும் வரேல்லை."

சிங்கராசா மேசையைப் பிடித்துக்கொண்டார். மரைக்கார் தொப்பியைக் கழற்றினார்.

"என்ரை பாட்டன்ரை மதில்..." என்றார் ஒருவர்.

"என்ரை வாய்க்கால்..." என்றார் மற்றவர்.

பிறகு சிங்கராசாவின் குரல் கச்சேரிக் கூரைவரை எழும்பியது. "மானமுள்ள ரெண்டு குடும்பத்தை இப்பிடி ஏமாத்தினது ஆர்? எனக்கு அந்த ஆள் வேணும்! எலெக்சன் எண்டு ஊரிலை கதை கட்டினவனை நான் விடமாட்டன்!"

"கதை கட்டினது ஆரெண்டு எனக்குத் தெரியாது, ஐயா" என்றார் யோகராசா. "ஆனால் நீங்கள் மதில் இடிக்கிறதுக்கு முந்தியே உங்கள் ரெண்டு பேரின்ரை வீட்டுக்கார அம்மாமாரும் ஒரே கூடாரவண்டியிலை வந்து, எலெக்சன் உண்டோ எண்டு கேட்டவை, இல்லையெண்டு சொன்னன், 'நல்லதாப் போச்சு, இதை எங்கடை ஆக்களுக்குச் சொல்லிப்போடாதேங்கோ' எண்டுபோட்டுப் போனவை."