லட்சத்து மூன்று

பஜனை சபை ஆண்டுவிழா நோட்டீஸ் அச்சாகி வந்த அன்றே, கூட்ஸ் ஷெட்டில் கணக்கெழுதும் கிராணி மரியநாயகம் அதன் ஓரத்தில் பென்சிலால் ஒரு கணக்குப் போட்டுக் காட்டினார். அதிலிருந்த அர்ச்சனை எண்ணிக்கை 1,00,001-ஐப் பதினொன்றால் வகுத்தால் 9,091. மீதி பூஜ்யம்.

தலைமைக் கிராணி தம்புசாமி நோட்டீஸைப் பிடுங்கித் தாமே ஒருமுறை வகுத்துப் பார்த்தார். பிரிக்பீல்ட்ஸ் பஜனை சபைக்கு அவர்தான் தலைவர். சபையில் இரண்டு கோஷ்டி. பிளந்தால் தலைவர் பதவியில் பாதிதான் மிஞ்சும். அதற்காகவே, மொய்யில் ஒன்று கூட்டுகிற மாதிரி, ஆண்டுவிழா லட்சார்ச்சனையிலும் ஒன்றைக் கூட்டினார். எதாலும் வகுபடாத எண், ஆகவே சபையும் பிளக்காது என்று கூட்டத்தில் முழங்கியும் விட்டார்.

“உங்க கமிட்டியில எத்தனை பேருண்ணே?” என்றார் மரியநாயகம். மாதா கோயிலுக்குப் போகிறவர், பயமில்லாமல் கேட்டார்.

“பதினொண்ணு.”

“சரிதான். ஆளுக்கொரு பங்கு.”

தம்புசாமி அவசரமாக இன்னொன்றைக் கூட்டி, நோட்டீஸில் 1,00,002 என்று திருத்தினார். சாயங்காலமே எதிர்கோஷ்டி வேலாயுதம் வந்து நின்றார்.

“இது சரிபாதியாப் போகுதே தலைவரே. எங்க பாதிய இப்பவே வாங்கிக்கட்டுமா?”

மறுநாள் 1,00,003. இரண்டாலும் மூன்றாலும் ஐந்தாலும் வகுபடவில்லை. ஏழில் ஒன்று மிஞ்சியது, பதினொன்றில் இரண்டு, பதின்மூன்றில் ஏழு. தம்புசாமிக்கு முதல்முறையாக அந்த எண்ணின் மேலேயே ஓர் ஆசை வந்தது. ஆனால் இப்படியே லட்சம் வரை போவதா?

“முந்நூத்திப் பதினாறு வரைக்கும் போதும்,” என்றார் மரியநாயகம். “ரெண்டு எண்ணைப் பெருக்கி இது வரணும்னா, சின்னது அதைத் தாண்டாது. ரெண்டுமே தாண்டினா பெருக்கினது இதைவிடப் பெரிசாயிடும்.” அதிலும் பகா எண்களை மட்டும் பார்த்தால் போதுமாம். மிச்சம் ஐம்பத்தொன்பது.

ஞாயிற்றுக்கிழமை தம்புசாமி சபையாரை ரயில்வே குவார்ட்டர்ஸுக்கு வரவழைத்தார். ஒரே அறையில் உட்கார்ந்தால் அடிதடி. ஆகவே ஒரு கோஷ்டிக்கு முன்னறை, வேலாயுதத்தின் கோஷ்டிக்குப் பின்னறை. கோஷ்டிக்கு இருபத்தொன்பது வகுத்தல். எஞ்சிய 313-ஐத் தலைவர் தாமே எடுத்துக்கொண்டு வராந்தாவில் உட்கார்ந்தார். 156 மிஞ்சியது. மூன்று முறை போட்டுப் பார்த்தார். ஒவ்வொரு முறையும் அதே 156, அதே சந்தோஷம்.

உள்ளே சண்டையே இல்லை. பின்னறையில் மட்டும் அவ்வப்போது கைதட்டினார்கள். கணக்கிலும் இவ்வளவு சுவையா என்று தலைவர் பூரித்துப்போனார்.

உச்சிவேளைக்கு முன்னறைத் தாள் வந்தது. இருபத்தொன்பதிலும் மீதி. பின்னறையிலிருந்து, வாயே திறக்காத பாயின்ட்ஸ்மேன் கன்னையா தாளோடு வந்தார். தலைவர் பதறியபடி வாங்கிப் பார்த்தார். அதிலும் எல்லாவற்றிலும் மீதி.

தம்புசாமிக்குக் கண் கலங்கியது. “ஒருத்தராலயும் வகுக்க முடியாது, கன்னையா.”

“முடியாதுண்ணே, நல்ல நம்பர்,” என்றார் கன்னையா. “உள்ளே உட்கார்ந்த கையோட எங்க புது சபைக்குத் தலைவர், பொருளாளர் எல்லாம் போட்டாச்சு; தொடக்க விழாவுக்கும் இதையே வெச்சுக்கிறோம்.”