ஐந்நூறு மைல் கிளட்ச்

இந்த வருஷம் பக்கத்துப் பண்ணை கஸ்ஸை மண்ணைக் கவ்வ வைக்காமல் விடுவதில்லை என்று வெண்டல் சபதம் போட்டான். போன வருஷத் திருவிழாவில், பாரம் ஏற்றிய சறுக்குவண்டியை இழுக்கும் போட்டியில், வெண்டலின் டீசல் பிக்கப் பத்தடி போனதும் கிளட்ச் வழுக்கிப் புகை கக்கியது. நெப்ராஸ்கா மாநிலமே இருமியது. கோப்பை கஸ் வீட்டுக்குப் போனது.

இஞ்சினுக்குக் கண்டபடி பலம் ஏற்றியவன் வெண்டல்தான். பழைய கிளட்ச் பாவம், என்ன செய்யும்? கல்யாணத்துக்கு முந்தின வருஷம் வாங்கிய வண்டி அது. அப்போதெல்லாம் அவன் மனைவி நொரீன் நீள சீட்டின் நடுவில் ஒட்டி உட்கார்ந்திருப்பாள். அவன் கிளட்ச்சை மிதிப்பான், அவள் கியர் போடுவாள். சொல்லவே வேண்டாம், கை தானாகப் போகும். அந்த நாளெல்லாம் எங்கே போச்சோ! இப்போது அவள் ஜன்னலோரம், நடுவில் நாய்.

ஞாயிற்றுக்கிழமை, அந்தப் பலத்தைத் தாங்கும் புது ரெட்டைத் தட்டு கிளட்ச்சை மாட்டி முடித்தான். பெடல் கல்லாக இருந்தது. இனி நொரீன் வண்டியைத் தொடமாட்டாள் என்று உள்ளுக்குள் ஒரு குஷி வேறு. அவள் ஏறி ஒரு தரம் மிதித்தாள். இறங்கி, கிளட்ச் வந்த டப்பாவில் கிடந்த காகிதத்தை எடுத்தாள்.

"ஏய்யா, முதல் ஐநூறு மைல் பாரமே இழுக்கக் கூடாதாம். நின்னு நின்னு ஓட்டிப் பழக்கணுமாம். இல்லேன்னா புதுத் தட்டும் கருகிடுமாம்."

"ஐயையோ! சனிக்கிழமை போட்டியாச்சே!"

"அதான், நாளைக்கே கிளம்பு. எங்க அக்கா வீடு போக வர நூறு மைல்."

"உங்க அக்கா வீடா? கிளட்ச்..."

"கிளட்ச் தாங்காது, கிளட்ச் தாங்காதுன்னே இத்தனை வருஷம் ஓட்டிட்டே. இப்பத்தான் தாங்குமே!"

திங்களன்று அக்கா வீடு. செவ்வாயன்று முன்பு சர்ச் விருந்தில் தங்கிப்போன ஊரார் பாத்திரங்கள், அடியில் பேர் ஒட்டியவை, பதினேழு வீட்டுக்குத் திருப்பிக் கொடுக்க வேண்டும். பதினேழு வீட்டிலும் நிறுத்து, மிதி, கிளப்பு. இடது முட்டி முனகியது.

வியாழனன்று, வண்டியிலேயே உட்கார்ந்து படம் பார்க்கும் பழைய திறந்தவெளி சினிமா இருந்த இடத்தைக் கடந்தார்கள். இப்போது அங்கே சோளம்.

"இங்கதானே நான் கியர்ல கை வச்சதும் நீ கையப் பிடிச்சிக்கிட்டே?" என்றாள் நொரீன்.

வெண்டல் வேகத்தைக் குறைத்தான். "நாயை அந்தப் பக்கம் தள்ளிட்டு நடுவுல வாயேன்."

வந்தாள். நாற்பது மைல் அவளே கியர் போட்டாள். முட்டி வலியே தெரியவில்லை, இருபது வயசு திரும்பிவிட்டது.

வெள்ளியன்று மாலை ஐந்நூறு முடிந்தது. சனிக்கிழமை காலை முட்டி பூசணிக்காயாக வீங்கியிருந்தது. இரண்டு காலால் மிதித்தும் பெடல் அசையவில்லை. திருவிழாத் திடலுக்கு நொரீன்தான் ஓட்டி வந்தாள்.

"போச்சு, கஸ் ஜெயிச்சிட்டான்," என்று வெண்டல் தலையில் கை வைத்தபோது ஒலிபெருக்கி கூப்பிட்டது, நொரீனின் பேரை.

கஸ்ஸைவிட இருபதடி அதிகம் இழுத்தாள். துளிப் புகை இல்லை.

"நீ எப்படி அந்தப் பெடலை மிதிச்சே?"

"முப்பது வருஷமா மாட்டோட மல்லுக்கட்டுற கால்யா இது."

"பேரு எப்பக் குடுத்தே?"

"போட்டிக்குப் பேர் எழுதுறது எங்க அக்காதானே? திங்கக்கிழமை எதுக்குப் போனோம்னு நெனச்சே?"

கோப்பையை மடியில் வைத்துக்கொண்டு ஸ்டீயரிங் முன்னால் ஏறி உட்கார்ந்தாள். ஜன்னலோரத்தை நாய் பிடித்திருந்தது.

"நடுவுல நகர்ந்து உட்காரு," என்றாள். "கியர் மட்டும் நீ போடு. நான் சொன்னப்புறம்."