அமிர்தத்துக்குக் கிடைத்த தம்பி

சட்டம் வாசலுக்கு வந்தால் வந்த வழியே திருப்பி அனுப்பிவிடலாம் என்று அன்பரசு நம்பியிருந்தான். அதற்கான மந்திரத்தை டீக்கடையில் யாரோ ஓதியிருந்தார்கள்.

அண்ணாகிராமத்தில், வீட்டுக்குப் பின்னால் கொட்டகை போட்டு முந்திரிக்கொட்டை உடைக்கும் தொழில் அவனுக்கு. ஓட்டிலிருந்து கசியும் எண்ணெய் பட்டால் தோல் வெந்து உரியும். உடைக்கிற பெண்கள் கையில் சாம்பலைப் பூசிக்கொண்டு உட்காருவார்கள். அவ்வளவுதான் பாதுகாப்பு.

"அவுங்களுக்குக் கையுறை வாங்கிக் குடு மாமா" என்று மனைவி மங்கலம் கேட்காத நாளில்லை.

"உறை போட்டா வேலை ஓடாதுடி. பருப்பு நொறுங்கிடும்."

"உன் கை வெந்தாத்தான் உனக்குத் தெரியும்."

2008 வைகாசியில் ஒரு காலை, லேபர் ஆபீசர் ஜீப்பில் வந்து இறங்கினார்.

"இங்க எத்தனை பேரு வேலை செய்யிறாங்க?"

அன்பரசு மந்திரத்தை அவிழ்த்தான். "வேலையாளா? ஒருத்தரும் இல்ல சார். எல்லாம் எங்க குடும்பம், சட்டத்துல வராது. இவுங்க என் கூடப்பொறந்த அக்கா, அமிர்தம். அவுங்க என் அத்தை. அந்தாண்ட சின்னம்மா."

கொட்டை உடைத்துக்கொண்டிருந்த அமிர்தத்தின் வாயிலிருந்த வெற்றிலை கீழே விழுந்தது.

ஆபீசர் அவள் கையைப் பார்த்தார். நுனியெல்லாம் கறுத்து, தோல் வெடித்திருந்தது.

"சொந்த அக்கா கையையா இப்படி வேக விட்டிருக்கீங்க?"

அன்பரசு தரையில் கிடந்த ஓடுகளையே பார்த்துக்கொண்டிருந்தான். அந்த ஓட்டுக்குள் புகுந்துகொள்ள இடம் இருந்தால் புகுந்திருப்பான்.

மோர்ச் சொம்போடு வந்தாள் மங்கலம். "அப்படிச் சொல்லாதீங்க சார். அக்கா மேல இவருக்கு உசுரு. வெள்ளிக்கெழம அக்கா பொண்ணுக்கு மஞ்சத்தண்ணி. தாய்மாமன் சீரு இவருதான். பட்டுப்புடவை, தங்கத் தோடு..."

"தோடா?" என்றான் அன்பரசு.

"அத்தை பேத்திக்குக் காதுகுத்து வேற இருக்குது. சின்னம்மா வூட்டுல வளைகாப்பு."

அமிர்தம் சட்டென்று பிடித்துக்கொண்டாள். "தம்பி, ஒரு ஆட்டுக்கெடாவும் சேத்துக்கப்பா!"

அன்பரசு ஆபீசரைக் கையெடுத்துக் கும்பிட்டான். "சார், பொய் சொல்லிட்டேன் சார்! எல்லாரும் வேலையாளுங்கதான் சார்!"

"அப்ப கையுறை, கக்கூசு, வாரத்துல ஒரு நாளு லீவு" என்றார் ஆபீசர். "அடுத்த தடவை வரும்போது எல்லாம் இருக்கணும்."

அன்று சாயங்காலமே கையுறை வந்துவிட்டது. தோடு, கெடாவைவிடக் கையுறை லாபம் என்று மனதைத் தேற்றிக்கொண்டான்.

வெள்ளிக்கிழமை மங்கலத்தோடு அமிர்தம் வீட்டு மஞ்சத்தண்ணிப் பந்தலுக்குள் நுழைந்தான். ஒலிபெருக்கி அலறியது: "அமிர்தத்தின் அருமைத் தம்பி, பொண்ணுக்குத் தாய்மாமன் அன்பரசு அவர்கள் மேடைக்கு வரவும்!"

ஊரே திரும்பிப் பார்த்தது. கூடப்பிறந்தவன் என்று ஒருவனும் இல்லாத அமிர்தம் ஓடி வந்து, தோல் உரிந்த கையால் அவன் கையைப் பிடித்துக்கொண்டாள். உதற மனம் வரவில்லை. நிமிர்ந்து பார்க்க முகமும் இல்லை.

"என்னாடி இது?" என்று மங்கலத்தின் காதில் முனகினான். "வேலையாளுன்னு ஆபீசர்கிட்ட ஒத்துக்கிட்டேன்ல?"

பட்டுப்புடவையும் தோடும் வைத்து மூடி எடுத்து வந்திருந்த தாம்பாளத்தை அவன் கையில் திணித்தாள் மங்கலம்.

"நேரா புடி மாமா. உறை வாங்கினது மொதலாளி. சீரு வெக்கிறது தம்பி."